நாலு மூலை மஞ்சளும் சுலோவீனியாவும்

என் நாட்குறிப்பில் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் பக்கம் இப்படி இருக்கிறது: "மாலை 5.00. வெளியே மைனஸ் 11. வந்தவர்கள் 62. பேச்சுக் கேட்க வந்தவர்கள் 0." அந்தப் பூச்சியத்தின் பக்கத்தில் பிறகு பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது, தனிக்கட்டை. பகலில் துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணுவேன். மாலையில் ரொக்ஸ்பரோ என்ற புறநகரில், நிலத்துக்குக் கீழேயுள்ள என் அறையில் (ஜன்னலைத் திறந்தால் பனிதான் எட்டிப்பார்க்கும்) வாசிப்பேன். சில நாட்களில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே சொல், பஸ் சாரதிக்குப் பிரெஞ்சில் நன்றியாகச் சொன்ன 'மெர்சி'. அந்தக் குளிர்காலம் முழுக்க, போயே இராத சுலோவீனியாவில் சமூகத் தொழில்முனைவு எப்படியிருக்கிறது என்று வாசித்தேன். எவரும் வேலை கொடுக்காதவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே நடக்கும் சிறு நிறுவனங்கள். எனக்குக் கிட்டத்தட்டக் காதல். யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும்.

மண்டபம் எடுத்தேன். மின்னஞ்சலில் கூப்பிடுவது மரியாதையில்லை என்று, அட்டை அடித்து, நாலு மூலையிலும் மஞ்சள் பூசி, வீடு வீடாகப் போய் இரண்டு கையாலும் கொடுத்தேன். (பூசி முடித்தபோது வந்த திருப்தியை நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.) எல்லோரும் மஞ்சளைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், தேநீர் தந்தார்கள். "ஒருமாதிரி நடக்கப்போகுது. சந்தோசம் தம்பி" என்றார் ஒருவர். தமிழருக்கு ஐரோப்பியப் பொருளாதாரத்தில் இவ்வளவு ஆர்வமா என்று நான் நெகிழ்ந்துபோனேன். அட்டையை ஒருவரும் வாசிக்கவில்லை.

சனிக்கிழமை மண்டபம் பட்டுச்சேலைகளால் நிறைந்தது. பெரியம்மாவின் மகள் ராணி அக்கா பூச்சரத்துடன் நேரே மேடைக்கே ஏறிவந்தார்.

"பொம்பிளை எங்கையடா?"

"என்ன பொம்பிளை? நான் சுலோவீனியாவைப் பற்றிக் கதைக்கப்போறன் அக்கா."

"வெள்ளைக்காரியோ? பரவாயில்லை, ஆளைக் கூட்டிக்கொண்டு வா."

"அக்கா, அது ஒரு நாடு."

அக்கா திரையிலிருந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். "அப்ப என்னத்துக்கு மஞ்சள் பூசினனீ?"

முன்வரிசையிலிருந்து ஒரு அண்ணை, "அப்ப சாப்பாடு?" என்றார்.

சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒவ்வொருவராக வந்து, செத்தவீட்டில் போல என் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். வாங்கிவைத்த வடையை அக்கா வாசலில் நின்று போகிறவர்களுக்குப் பொதி செய்து கொடுத்தார். நான் வெறும் கதிரைகளுக்குப் பேசத் தொடங்கினேன்.

முடித்தபோதுதான் பார்த்தேன்: கடைசி வரிசையில் குளிரங்கியோடு ஒரு பெண். மடியில் குறிப்புப் புத்தகம்.

"அரசாங்கம் உதவியை நிப்பாட்டினால் அந்த நிறுவனங்கள் என்ன செய்யும்?"

மாதக்கணக்கில் நான் வாசித்ததைப் பற்றி என்னிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி. பல தள்ளாடுகின்றன, சில எப்படியோ நிற்கின்றன என்று தொடங்கி இருபது நிமிடம் பதில் சொன்னேன். ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அவர் எழுந்து போனார். குளிரின் அளவைக்கூடக் குறித்துவைத்தவன், பெயரைக் கேட்கவில்லை.

இன்றும் அக்கா தொலைபேசியை எடுத்ததும், "சுலோவீனியா சுகமோ?" என்றுதான் தொடங்குவார். "ஓம், சுகம்" என்பேன்.

அந்தப் பெண் என் அழைப்புப் பட்டியலில் இல்லை. குளிரங்கிக்கு உள்ளே பட்டுத்தான் உடுத்தியிருந்தார் என்று அக்கா சாதிக்கிறார், நான் காணவில்லை. அவர் கலியாணத்துக்கு வந்தவரா, பேச்சுக்கு வந்தவரா என்பது இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.