அப்பாவின் மௌனமும் என் வலது கையும்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

மைத்துனன் ராஜவேல் வணங்கி எழுதுவது. இங்கு நான், தனக்கொடி, பூர்ணிமா மூவரும் நலம். நெய்வேலியில் மாமாவும் அக்காவும் மூட்டுவலி நீங்கலாக நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா மட்டும் பழையபடி காலமானவராகவே இருக்கிறார். இதை முதலிலேயே எழுதக் காரணம் உண்டு. போனில் சொன்னால் அக்கா நடுவில் வாங்கி அழ ஆரம்பித்துவிடுவாள் என்பதால், மின்துறையில் பழுது அறிக்கை எழுதிய பழக்கத்தில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மாமா பார்த்துக் கொடுத்த புனே வரன், அதாவது சக்கரபாணி அவர்களும் அவர் சம்சாரம் அஞ்சலாட்சி அம்மாளும் பையன் கலைவாணனும், போன வாரம் வீடியோ காலில் பூர்ணிமாவைப் பெண் பார்க்க வந்தார்கள். போன வருஷத்துப் புயல் மழையில் எங்கள் கூடத்துச் சுவர் இடுப்பளவுக்கு ஊறி, இன்னும் காயவில்லை. அதன் முன்னால் பெண்ணை உட்கார வைக்கக் கூடாது என்று பெற்றவளான தனக்கொடி சொல்லிவிட்டாள். போனிலேயே ஒரு வசதி இருக்கிறது, எது ஆள், எது சுவர் என்று அதுவே பிரித்து, ஆளை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிட்டு, நாம் கேட்கிற இடத்தைப் பின்னால் போட்டுவிடும் என்றாள் பூர்ணிமா. கடற்கரையைப் போடலாமா என்றாள். பத்து நிமிஷம் நடந்தால் வருகிற கடலைப் போனில் எதற்குப் போடுவது என்று நான் கேட்டேன். கடைசியில் தனக்கொடி, பிரெஞ்சுக்காரர் தெருவில் வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்களே, காகிதப்பூ படர்ந்த மஞ்சள் வீடு, அதைப் போடச் சொன்னாள். அந்தத் தெருவில் நான் மின்கம்பம் ஏறியிருக்கிறேனே தவிர எந்த வீட்டுக்குள்ளும் போனதில்லை.

இனிமேல்தான் பழுது. சுவர் ஊறியதில் அப்பா படத்தின் ஆணி கழன்று, படத்தை ஒரு நாற்காலியில் சாத்தி வைத்திருந்தோம். அதை உள்ளறைக்கு மாற்றலாம் என்றேன். நல்ல காரியம் நடக்கும்போது பெரியவரை எழுப்பி உள்ளே அனுப்புவதா என்று தனக்கொடி கோபித்துக்கொண்டு, புது மாலை போட்டு, குங்குமம் வைத்து, அங்கேயே இருக்க வைத்தாள். போன் அப்பாவின் முகத்தையும் தோளையும் ஆள் என்று எடுத்துக்கொண்டது, சட்டத்தையும் மாலையையும் தூக்கிவிட்டது. ஆக, புனேயில் தெரிந்தது என்னவென்றால், மஞ்சள் வீட்டின் முன்னால், பூர்ணிமாவுக்குப் பின்னால், நெற்றியில் குங்குமத்தோடு கண் கொட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர். நானோ வெள்ளைச் சட்டை போட்டு, வெள்ளைச் சுவரோரம், அசையாமல் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுவர் என்று முடிவு செய்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி நீட்டாமல் இருப்பதா என்று தனக்கொடி பூர்ணிமாவைத் தட்டும் டம்ளருமாகப் போன் முன்னால் நிற்க வைத்தாள். தட்டும் போய்விட்டது, டம்ளரும் போய்விட்டது. பெண் இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நிற்கிறாள். இதெல்லாம் பூர்ணிமா பதிவு செய்து வைத்ததைப் பிறகு போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டது. அந்த நேரத்தில் பெண் தலையைக் குனிந்திருந்தாள், அவள் அம்மா பெண்ணைப் பார்த்திருந்தாள், என் கண்ணாடி சட்டைப் பையில் இருந்தது.

சக்கரபாணி அவர்கள் எழுந்து நின்று அப்பாவைக் கும்பிட்டார். “ஐயா, உங்க பேத்தியக் கேட்டு வந்திருக்கோம்” என்றார். படத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று தனக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. பெரியவருக்குச் சம்மதமா என்று சக்கரபாணி அவர்கள் கேட்டதற்கு, இதைவிட அவருக்கு என்ன சந்தோஷம் இருக்கிறது என்றாள். “அவர் வாயால ஒரு வார்த்த கேட்டா நல்லாருக்கும்” என்றார் அவர். தனக்கொடி பெருமூச்சு விட்டு, “அவரு பேசி இருபத்திரண்டு வருஷமாச்சுங்க” என்றாள். சக்கரபாணி அவர்கள் கும்பிட்ட கையை இறக்காமலே உட்கார்ந்துவிட்டார். நான் பெண்ணின் அப்பா என்று சொல்லி வலது கையை நீட்டினேன். மஞ்சள் வீட்டுத் தூணிலிருந்து ஒரு கை மட்டும் வந்துவிட்டுப் போயிருக்கிறது. கலந்து பேசிச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள்.

நாலு நாள் கழித்து மாமா போன் செய்து, பெரியவரை இருபத்திரண்டு வருஷம் பேசாமல் வைத்திருக்கிற வீட்டில் எப்படிக் கை நனைப்பது என்று அவர்கள் கேட்பதாகச் சொன்னீர்கள். எந்தப் பெரியவரையடா வீட்டில் வைத்திருக்கிறாய் என்று நீங்களும் கேட்டீர்கள். மாமா, அப்பா காரியத்துக்குப் பந்தல் போட்டதே நீங்கள்தான்.

இதற்கு முன் வந்த மூன்று வரன்களுக்கும் பூர்ணிமா வாய் திறந்ததில்லை. இந்த முறை தானாக வந்து, “எனக்குப் புடிச்சிருந்துதுப்பா” என்றாள். சொல்லிவிட்டுக் காபி டம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை, நான் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ஆகவே மாமா தயவுசெய்து சக்கரபாணி அவர்களிடம் மூன்று விஷயம் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு எங்கள்மேல் மனத்தாங்கல் இல்லை, காலமாகிவிட்டார். மஞ்சள் வீடு எங்களுடையதல்ல. பெண்ணுக்கு ஒரு தகப்பன் உண்டு, அவனுக்கு ஒரு கைக்கு மேலும் உடம்பு இருக்கிறது. அத்தாட்சியாக அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றும் என் முழு உருவப் புகைப்படம் ஒன்றும் இணைத்திருக்கிறேன்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லவும். எங்கள் எல்லோருக்கும் உங்கள் ஆசி வேண்டும். பூர்ணிமாவுக்கு இந்த வாரமே வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த மைத்துனன்,
அ. ராஜவேல்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பையன் பூர்ணிமாவுக்குப் போன் செய்தான். மாமா யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். பெரியவர் காலமானவர் என்று அவனுக்கு அப்போதே சந்தேகமாம். முகத்தின் ஓரத்தில் மாலை விட்டுவிட்டு எட்டிப் பார்த்ததைக் கவனித்திருக்கிறான். அவன் நேற்று அதை எடுத்துச் சொன்னதிலிருந்து, படத்தை எழுந்து நின்று கும்பிட்ட வெட்கத்தில் சக்கரபாணி அவர்கள் வீட்டில் யாரோடும் பேசவில்லையாம். அடுத்த வெள்ளிக்கிழமை மூவரும் நேரில் வருகிறார்கள். “ஒரு கை மட்டும் வந்துட்டுப் போச்சே, அது உங்க அப்பாவா? அவரத்தான் நான் பாக்கணும்” என்றானாம். அன்றைக்கு என்னைத் தேடியவன் அவன் ஒருவன்தான், மாமா. சான்றிதழைத் திருப்பி அனுப்பவும், என் படத்தை நீங்களே வைத்துக்கொள்ளவும். அப்பாவுக்குப் புது ஆணி உயரமாக அடித்தாயிற்று. மஞ்சள் வீட்டைப் பற்றி மட்டும் பையன் ஒன்றும் கேட்கவில்லை. தனக்கொடி வாசல் சுவருக்கு மஞ்சள் பெயிண்டும் இரண்டு காகிதப்பூச் செடியும் வாங்கிவிட்டாள். வெள்ளிக்கிழமை வரும்போது மாமா நம் வீட்டை அடையாளம் தெரியாமல் தாண்டிப் போய்விட வேண்டாம்.