உறவு: இல்லை

"இந்தம்மா உங்களுக்கு யாரு?" என்று தேவதர்ஷினி கேட்டாள்.

"யாரோ. எனக்கு இன்னா தெரியும்?" என்றான் தீனா.

பக்கத்தில் இருந்த முத்தம்மாளும், "இந்தப் பையன நான் பாத்ததே இல்லமா" என்றாள்.

தேவதர்ஷினி இரண்டு படிவத்திலும் 'உறவு: இல்லை' என்று எழுதினாள். ரத்தம் எடுத்தாள். ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது முத்தம்மாள் திரும்பி, "டேய், சாவிய எங்கடா வெச்ச?" என்றாள்.

"ஆணிலதான் மாட்டிக்கீது மா" என்றான் தீனா.

தேவதர்ஷினி இரண்டு படிவத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

பழவேற்காட்டில் சில குடும்பங்களில் மட்டும் தலைமுறை தலைமுறையாகச் சர்க்கரை நோய் வருவதற்கு எந்த மரபணு காரணம் என்று சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தேடிக்கொண்டிருந்தது. 2007ஆம் வருடம். அந்தக் குடும்பங்களின் ரத்தம் ஒரு பக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே ஊரில் சர்க்கரை இல்லாத, அவர்களுக்கு எந்த உறவும் இல்லாத நாற்பது பேரின் ரத்தம் இன்னொரு பக்கம்.

குடும்பங்கள் சுலபமாகக் கிடைத்தன. உறவில்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. பஜார் பக்கம் எல்லாரும் மாமன் மச்சான். ஏரிக்கரைக் குப்பங்களிலும் அதே கதை. உறவில்லாத ஆள் வேண்டும் என்றதும் முதலில் ஊருக்குக் கோபம் வந்தது. "நாங்க இன்னா அநாதையா?" என்றார்கள். டிபன் பாக்ஸ் உண்டு என்று அறிவித்ததும் அந்த ஊரில் யாருக்கும் யாரும் உறவில்லாமல் போனார்கள்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தால் உண்மை தெரிந்திருக்கும். ஆனால் முன்பின் தெரியாதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டிப் பேச அவளுக்குக் கூச்சம். உயிர்வேதியியல் பட்டப்படிப்பில் பேச்சுக்கு ஒரு தேர்வு வைத்திருந்தால் அவள் தேறியிருக்க மாட்டாள். சொன்னதை எழுதிக்கொள்வாள். அவ்வளவுதான்.

இது இரண்டு வருடம் அலைந்து கிடைத்த முதல் வேலை. கவரைப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி பழவேற்காட்டு மையத்துக்கு வருவாள். "ஜூன் முடியறதுக்குள்ள லிஸ்ட் சரியா இருக்கணும். இல்லன்னா உன் வேலைய நீட்டிக்கச் சொல்லி என்னால கேக்க முடியாது" என்று தணிகாசலம் சார் சென்னையிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.

அவள் முழுதாக நம்பியது ஜலாலுதீன் பாயை மட்டும்தான். வலை நூல் கடை வைத்திருப்பவர். உறவு உண்டா என்று கேட்டவுடன், "இல்ல" என்று கையெழுத்துப் போட்டார். டிபன் பாக்ஸைக்கூட உதவியாளர் எல்லம்மாவிடமே கொடுத்துவிட்டார்.

எல்லாரும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை செவ்வாய்க்கிழமை வரவேண்டும். வெறும் வயிற்றில் ஒரு தடவை ரத்தம். பிறகு நாஷ்டா சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் வராந்தா பெஞ்சில் காத்திருந்து இன்னொரு தடவை. பெஞ்சின் ஒரு முனையில் ஜலாலுதீன் உட்காருவார். மறுமுனையில் சஹாபுதீன் பாய். கருவாட்டு மொத்த வியாபாரி, சர்க்கரை நோயாளி. கடைசியாக வந்து சேர்ந்த குடும்பம் அவருடையது; அதில் மட்டும் பத்தொன்பது பேர் ஆராய்ச்சியில் இருந்தார்கள்.

இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. முன்பின் தெரியாதவர்கள்கூட மணி கேட்டுக்கொள்வார்கள். இவர்கள் அதுவும் கேட்டதில்லை. உறவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எதற்கு என்று தேவதர்ஷினி நினைத்தாள்.

மூன்றாவது முறை சஹாபுதீன் எல்லாருக்கும் கேட்கும்படி, "இங்க கண்டவனையும் கூட்டியாந்து உக்கார வெக்கிறாங்கப்பா" என்றார்.

ஜலாலுதீன் தெருவைப் பார்த்துக்கொண்டே, "கண்டவன் நாஷ்டாவுக்கு ஆறு இட்லி துன்னா சக்கர எப்டி கொறையும்?" என்றார்.

எல்லம்மா உள்ளே ஓடிவந்தாள். அவள் மீஞ்சூர்க்காரி. இந்த ஊர்க் கதை அவளுக்கும் தெரியாது. "தேவிம்மா, அதுங்க ரெண்டுக்கும் ஆவாது போலக்குது. ஒரு நாளு முட்டிக்கும் பாரு."

தேவதர்ஷினி பயந்துபோனாள். சஹாபுதீன் கோபித்துக்கொண்டு போனால் பத்தொன்பது பேரும் போவார்கள். ஜலாலுதீனை அடுத்த முறை வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

அந்த வியாழக்கிழமை காலையில் சஹாபுதீன் வந்து நின்றார்.

"உங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதானே பாய்?"

"செவ்வாக்கிழம லோடு ஏத்தற வேல கீதுமா. எனக்கு இனிமே வியாழன்தான் தோது."

ஜலாலுதீனைச் சனிக்கிழமைக்கு மாற்றினாள். சனிக்கிழமையும் சஹாபுதீன் வந்தார். அதுவும் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

"சாப்ட்டு வந்தா ரத்தம் எடுக்க முடியாது பாய்."

"எடுக்காத. வந்ததுக்கு செத்த நேரம் உக்காந்துட்டுப் போறேன்."

சொன்னபடி இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, வெயிலையும் கரண்ட்டையும் முனிசிபாலிட்டியே இல்லாத ஊரில் முனிசிபாலிட்டியையும் திட்டிவிட்டுப் போனார்.

"வம்புக்குன்னே வர்றாரு. இன்னா பேஜாரு மனுசன்!" என்றாள் எல்லம்மா. தேவதர்ஷினிக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த வாரம் தணிகாசலம் சார் போன் செய்தார். எல்லாருடைய ரத்தத்தையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்திருந்தார்கள். "உறவில்லாத லிஸ்ட்ல பதினாலாம் நம்பர். குடும்ப லிஸ்ட்ல சஹாபுதீன். ரெண்டு பேரும் ஒரே அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்க. நீ ஊர்ல என்னதான் கேட்ட?"

அவள் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். பதினாலாவது பெயர் ஜலாலுதீன்.

"பதினாலாம் நம்பர எடுத்துரு. முப்பத்தொன்பது வச்சு சமாளிச்சுக்கலாம். ஆனா அந்தப் பத்தொன்பது பேரு கை நழுவக் கூடாது. நம்ம ஆராய்ச்சியே அவங்கதான்."

அன்று மாலையே ஜலாலுதீனைக் கூப்பிட்டனுப்பினாள்.

"பாய், நீங்க இனிமே வர வேண்டியதில்ல."

"ஏன், எனக்கும் சக்கர வந்துடுச்சா?"

"இல்ல. சஹாபுதீன் பாய் உங்க அண்ணன்."

"யாரு சொன்னது?"

"ரத்தத்துல தெரிஞ்சுது."

ஜலாலுதீன் ஊசி குத்தும் இடத்தைத் தடவிக்கொண்டார். "அதுக்கு இன்னா தெரியும்? மூத்த மவளுக்கு நிக்காஹ் பத்திரிக அடிச்சாரு. அதுல எம் பேரு இல்ல. கேட்டா பிரஸ்காரன் தப்புன்னாரு. பிரஸ்காரனா எனக்கு அண்ணன்? பதினெட்டு வருசம் ஆச்சு. நீ உறவு கீதான்னு கேட்ட. இல்லன்னேன். அதுல பொய் எங்கமா கீது?"

அவள் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வர வேண்டியதில்லியா, வரக் கூடாதா?" என்று கேட்டார்.

இதமாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "வரக் கூடாது பாய்" என்றாள்.

"செரிமா" என்றார். செருப்பை மாட்டிக்கொள்ள வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

அவர் போனதும் மனசு என்னவோ போல் இருந்தது. இனிமேல் பெஞ்சில் சண்டை இருக்காது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அடுத்த முறை செவ்வாயும் போனது, வியாழனும் போனது, சனியும் போனது. சஹாபுதீன் வரவில்லை. அவர் குடும்பத்தில் ஒருவரும் வரவில்லை. ஜூன் முடிய நான்கு நாள் இருந்தது. தணிகாசலம் சார் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல்முறையாக தேவதர்ஷினி தானாகவே ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். கதவைத் திறந்தது சஹாபுதீனின் இளைய மகள் சிஃபா. உள்ளே சஹாபுதீன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருந்தார்.

"அத்தா இனிமே வரலியாம்க்கா" என்றாள் சிஃபா.

"எனக்குப் புரியுதுங்க. ஜலாலுதீன் பாய் இருந்ததால அப்பாவுக்கு ரொம்பச் சங்கடம். இனிமே நிம்மதியா வரச் சொல்லுங்க. அவர் அந்தப் பக்கமே வரக் கூடாதுன்னு நானே சொல்லிட்டேன்."

சிஃபா கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அத்தாவுக்குப் பொன்னேரில நல்ல டாக்டரு இருக்காருக்கா, ஜலாலுதீன் சாச்சா பக்கத்துல ரெண்டு மணி நேரம் உக்காரலாம்னுதான் எங்க பத்தொம்போது பேரையும் இழுத்துகினு உங்ககிட்ட ரத்தம் குடுக்க வந்தாரு."