நாகேந்திரம் கைபிடி இழுத்த படலம்

வெள்ளவத்தையின் வேங்கை, கந்தோர்க் கோப்புக் காட்டைத் தனியொருவராய் உழுத களிறு, காலி வீதிக் காற்றைக் கிழித்தேகும் இரும்புப் புரவியின் ஏந்தல், குட்டைக் கைகளையும் நெட்டை வைராக்கியத்தையும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற நாகேந்திரம் நீடு வாழ்க.

யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டாளத்து ஏலத்தில் அவர் வென்றெடுத்த மோட்டார் சைக்கிளின் கைபிடி, அவருடைய கைக்கு ஒரு சாண் அப்பால் நின்றது. ஆதலால் அம்மாவீரர் தினமும் கோட்டைப் பகுதிக் கந்தோருக்கு வேலைக்கு, சுவரில் ஒட்டிய பல்லிபோலக் குப்புறப் படர்ந்தே படையெடுத்தார். மாலையில் இறங்கினால் முதுகு நிமிராது.

அவர் மடிக்கும் பெற்றோல் தாங்கிக்கும் நடுவே சாப்பாட்டுக் கரியர் ஒன்று கயிற்றால் பிணிக்கப்பட்டிருந்தது. முன்னொரு நாள் பின்னால் கட்டிய கரியர் பம்பலப்பிட்டியில் கழன்று விழ, விளைமீன் குழம்பைக் காகங்கள் உண்டு களித்தன. அன்று தொடக்கம் அது கவசகுண்டலம்போல அவர் முன்னாலேயே இருந்தது, ஞாயிற்றுக்கிழமையிலும், வெறுமையாக.

மனைவி தையல்நாயகி பிரகடனம் செய்தாள்: “இந்த ஞாயிறு உங்கட முதுகு நிமிரவேணும். இல்லாட்டி வண்டி பக்கத்து வீட்டு ஸவாஹிருக்கு.”

ஞாயிறும் உதித்தது. தேங்காயெண்ணெய் அபிஷேகம் செய்து, குறடேந்தி, சாரத்தை மடித்துக் கட்டி, துருவென்னும் கோட்டைக்குள் ஒளிந்திருந்த நான்கு நட்டுகளை நாகேந்திரம் முற்றுகையிட்டார். விரல் கன்றிற்று, வியர்வை வெள்ளவத்தை வாய்க்காலாய்ப் பெருகிற்று, இரண்டு நாழிகைப் போரில் முதல் நட்டு அரைச் சுற்றுச் சுற்றிற்று.

வேலிக்கு மேலே ஸவாஹிரின் தொப்பி எழுந்தது. “ஐயா, ஏன் வீணாக் கைய நோகடிக்கிறீங்க? ஆண்டவன் எனக்கு நீளமான கையத் தந்திரிக்கான். வண்டியத் தாங்க.”

“ஸவாஹிர், எனக்கு முதுகெலும்பு உள்ளவரைக்கும் இந்த வண்டி உம்மட வேலியைத் தாண்டாது.”

“அந்த முதுகெலும்பப் பத்தித்தானே ஐயா பேச்சு.”

மதியம் சாயும் வேளை நான்காம் நட்டும் சரணடைந்தது. எருதின் கொம்பைப் பற்றிய ஏறுதழுவும் வீரனைப்போல நாகேந்திரம் கைபிடியை நெஞ்சை நோக்கி இழுத்து, நட்டுகளைப் பூட்டி, ஆசனமேறி அமர்ந்தார். முதுகு கோபுரமென நிமிர்ந்தது. ஸவாஹிரின் தொப்பி மெல்லத் தாழ்ந்தது.

அப்போது தையல்நாயகி வந்தாள். “இஞ்சாருங்கோ, உந்தக் கரியரைக் கழட்டித் தாங்கோ. கொட்டாஞ்சேனை அக்காவுக்குக் கூழ் அனுப்பவேணும்.”

கழற்றிக் கொடுத்துவிட்டு வெற்றி உலாவுக்கு மீண்டும் ஏறினார். தடுக்க ஏதுமின்றி அவர் திருமேனி ஒரு சாண் முன்னே வழுக்கித் தனக்குரிய இடத்தில் அமர்ந்தது. கைபிடியின் இரு முனைகளும் தொந்தியை இருபுறமும் குத்தின. கைபிடி இடப்பக்கமும் திரும்பவில்லை, வலப்பக்கமும் திரும்பவில்லை.

தொப்பி மறுபடி எழுந்தது. “அப்ப ஐயா, இவ்வளவு நாளும் கைக்கும் கைபிடிக்கும் நடுவுல நிண்டது சோறுதானா?”

ஈரேழு உலகமும் பார்த்திருக்க நாகேந்திரம் குறடைத் தேடியெடுத்து, அதே நான்கு நட்டுகளையும் அவிழ்த்து, கைபிடியைப் பட்டாளம் வைத்த இடத்திலேயே வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை சோற்றுப் பார்சலைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்.