லாரிக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையைப் பொதுமக்கள் பாதுகாப்பாகக் கடக்க ஒரு சுரங்கப்பாதை அவசியம் என்பது கொள்கையளவில் ஏற்கப்பட்டு, கொள்கையளவிலேயே பல ஆண்டுகள் நலமாக இருந்துவந்தது.

இதெல்லாம் தவசிமுத்துவுக்குத் தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வரிசையில், விம்கோ நகர் எதிரே, அவருடைய டிரெய்லர் நாள்கணக்கில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்தில் மகள் ராமசெல்விக்கு வளைகாப்பு. பெட்டியை இறக்கினால்தான் ஊர்.

ஜனங்கள் டிரெய்லருக்கு அடியில் குனிந்துதான் சாலையைக் கடந்தார்கள். மீன்கூடையோடு குனிந்த மங்கம்மாவிடம், "பாத்துப் போங்கக்கா, வண்டி நகந்துறப் போவுது" என்றார் தவசிமுத்து.

"நகருமா? இன்னா நைனா, காலீலயே காமெடி பண்ணிகினு."

இதை நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் பாஸ்கல் பார்த்தார். மேலே வாகனம், கீழே பாதசாரி. சுரங்கப்பாதைக்கு வேறென்ன வேண்டும்? டிரெய்லரின் அடிப்பகுதியே சுரங்கப்பாதை என்று உடனே ஆணை வந்தது. 'குனிந்து செல்லவும், மீறினால் அபராதம்' என்று பலகை நட்டார்கள். நகரப் போக்குவரத்தின் எதிர்காலம் தோண்டாமலே வந்து சேர்ந்துவிட்டதாக ஒரு பிரமுகர், டிரெய்லருக்கு அடியில் குந்தியபடியே, உரையாற்றினார்.

வெள்ளிக்கிழமை வரிசை நகர்ந்தது. தவசிமுத்து சாவியைத் திருகியதும் பாஸ்கல் ஓடிவந்தார்.

"சுரங்கப்பாதையை எங்கய்யா ஓட்டிட்டுப் போறே?"

"புள்ளைக்கு வளைகாப்பு சார். இது என் லாரில்லா?"

பாஸ்கல் இரக்கமில்லாதவர் அல்லர். விதிகளை மனசுக்குள் புரட்டினார். "லாரி உன்னோடது. அடியில இருக்கிற இடம்தான் துறையோடது. இடத்தை விட்டுட்டு லாரியை எடுத்துக்கோ."

தவசிமுத்து இடத்தைப் பத்திரமாக விட்டுவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பெட்டியை இறக்கி, வண்டியை யார்டில் போட்டுவிட்டு, பையோடு பஸ் பிடிக்க அங்கேயே வந்தார். பலகை நின்றது. அதன் பக்கத்தில் ஜனங்கள் ஒவ்வொருவராகக் குனிந்து, வெறும் வானத்துக்கு அடியில், சாலையைக் கடந்தார்கள். அவர்களுக்காக ஒரு பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் எண்ணூர்வரை டிரெய்லர்கள் நின்றன.

"யக்கா, மேலதான் ஒண்ணும் இல்லியே. நிமிந்து போவலாம்லா?"

"நீ போ நைனா," என்றாள் மங்கம்மா. "உனுக்கு ஊரு கீது. நாங்க இங்கதான பொழைக்கணும்."

அவர் நிமிர்ந்தே இரண்டடி வைத்தார்.

"யோவ், தல இடிச்சிக்கப் போவுது," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நடத்துநர் விசில் ஊதினார். இந்த பஸ்ஸை விட்டால் ஊர் ரயில் போய்விடும், வளைகாப்பு போய்விடும். தவசிமுத்து குனிந்தார். கடந்து, மூச்சிரைக்கப் படியேறி, சீட்டில் உட்கார்ந்தார்.

பஸ் மெல்ல நகர்ந்து பலகையை நெருங்கியது.

"எல்லாரும் கொஞ்சம் குனிங்க," என்றார் நடத்துநர்.

ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டுநரும் குனிந்தார்.