படப்பை மாமாவின் வேட்டி மடிப்பு

ஒருவர் கட்டியிருக்கும் வேட்டியை உட்கார்ந்து உற்றுப் பார்த்துவிட்டு, நல்ல பையன் என்று அவரிடமே பெயர் வாங்க முடியாது. நான் முயன்று பார்த்திருக்கிறேன்.

அப்போது ஞாயிறுதோறும் குரோம்பேட்டையில் ஓவிய வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் வரையும் ஆட்களுக்குக் கைகால் ஒருவழியாக வந்துவிட்டது, உடைதான் வரவில்லை. "சார், உங்க ஆளு சட்டை போட்ட மாதிரி இல்ல, தகர டப்பாக்குள்ள எறங்கின மாதிரி இருக்காரு" என்றார் டீச்சர். (என்னைவிடச் சின்னப் பெண். அதனால் கூடுதலாக வலித்தது.) "துணி எங்க இழுபடுது, எங்க தொங்குதுன்னு ஆளுங்களப் பாத்து வரைங்க."

அதே சமயம் எனக்குப் படப்பையில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை போனில் பேசியதிலேயே நான் விழுந்துவிட்டேன். "அக்கம்பக்கத்துல விசாரிக்க யாராச்சும் வருவாங்க. கொஞ்ச நாளைக்கு ஒழுங்கா இருடா" என்று அம்மா எச்சரித்திருந்தாள்.

ஒழுங்காகத்தான் இருந்தேன். சேலையூரில் எங்கள் தெருமுனை டீக்கடையில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் இழுபட்ட வேட்டி அங்கிருந்து விசிறியாக இறங்கியது. விடுவேனா? எதிர் பெஞ்சில் உட்கார்ந்து வரையத் தொடங்கினேன். அவர் வேட்டியை இழுத்துவிட்டார். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அவர் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன்: ஆசாமி அடிக்கடி எங்கள் வீட்டு கேட்டையே நோட்டம் விடுகிறார்! திருடனேதான் என்று முடிவுகட்டினேன். அவர் எழுந்து போக, பின்னாலேயே போனேன். (பாதி துப்பறிய, பாதி மடிப்பை முடிக்க.)

அவர் நடை ஓட்டமாகி, இஸ்திரி வண்டியருகே போய் நின்றது.

"யாருங்க அவன்? அப்பலேர்ந்து என் இடுப்பையே பாக்கறான்!"

இஸ்திரி அண்ணன் எட்டிப் பார்த்தார். "இன்னா சார் நீ! காலைல வந்து விசாரிச்சுகினு இருந்தியே, அந்த மாப்ள இவுருதான்!"

வந்தவர் பெண்ணின் தாய்மாமா. நான் பதறிப்போய், படம்தான் வரைந்தேன் என்று நிரூபிக்க நோட்டை நீட்டினேன். அதில் ஒரு முகம்கூட இல்லை. பக்கம் பக்கமாக இடுப்பு, முழங்கால், முழங்கை. மாமா பாதியில் மூடிவிட்டு பஸ் ஏறினார்.

அன்று மாலை அவள் போன் செய்தாள். "மாமா உங்கள ஒரு மாதிரின்னு சொல்றாரு. அந்தப் படத்த அனுப்புங்க, நான் பாக்கணும்."

அனுப்பிவிட்டு, எல்லாம் போச்சு என்று உட்கார்ந்திருந்தேன். அழுகையே வந்துவிட்டது. அப்புறம் பதில் வந்தது: "அப்படியே மாமா வேட்டி. நீங்க பொய் சொல்லல."

கல்யாணம் நடந்தது. மாமாவின் சந்தேகம் மட்டும் போகவில்லை. நான் படப்பைக்கு வருகிறேன் என்று தெரிந்தால் வேட்டியிலிருந்து பேன்ட்டுக்கு மாறிவிடுவார். அதுவும் ஒரு மடிப்புகூட விழாத முரட்டுத் துணியில் தைத்தது. அவர் பேன்ட்டோடு வாசலில் தலைகாட்டினால் போதும், எதிர்வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள்: "இன்னிக்கு மாப்ள வர்றாரா?"