கோவில்பட்டிக்குப் போகாத மோட்டார் சைக்கிள்

தங்கையா ஒரு சபதம் போட்டால் போட்டதுதான். அது முறிந்தது என்று இதுவரை எவனும் சொன்னதில்லை. நிறைவேறியது என்றும் எவனும் சொன்னதில்லை.

கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லின் வாசலில் நின்று அவர் போட்ட சபதம் இது: "இனி இந்தத் தெருவுக்குள் நான் வந்தால் என் சொந்த மோட்டார் சைக்கிளில்தான் வருவேன்!" கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. வேலைநிறுத்தம் தோற்றுப்போயிருந்தது. முந்தின நாள் வரை அவரைத் தோளில் தூக்கியவர்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்குள் போய்விட்டார்கள். வெளியே மிஞ்சியவர் தங்கையா ஒருவர். மேனேஜர் மோட்டார் சைக்கிளில் அவரைக் கடந்து போனான். மழை பெய்திருந்த தெரு. சேறு வேட்டியில் தொடங்கி மீசை வரை ஏறியது. துண்டுப் பிரசுரம் எழுதிப் பழகிய மனிதர் அல்லவா, அந்த நிலையிலும் அவருக்கு ஒரு வாக்கியம் வந்துவிட்டது. அது சபதமாக வந்து தொலைத்தது.

பிறகு அந்தமான். பாம்பூஃப்ளாட்டில் ஒரு மர வீடு. அக்கரையில் சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை. காலையில் ஒரு ஃபெரி, மாலையில் ஒரு ஃபெரி. இங்கேயும் சங்கம் கட்டினார், கொடி பிடித்தார். கொடி உயர்ந்ததும் பின்னால் வந்த பையன்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். தங்கையாவுக்கு ஆண்டுவிழாவில் ஒரு மாலை போட்டார்கள். மாலை என்பது வேறொன்றும் இல்லை. பழைய ஆளை மேடையில் உட்காரவைத்து, மைக் பக்கம் போகவிடாமல் செய்ய ஒரு கயிறு.

ஆகவே அவருக்கு மிஞ்சியது மோட்டார் சைக்கிள்.

யுத்தம் முடிந்து ராணுவம் போட்டுவிட்டுப் போன வண்டி அது. ஒரு காண்டிராக்டரின் மர டிப்போவுக்குப் பின்னால் கொடி படர்ந்து கிடந்தது. தங்கையா அதை மீட்டுக்கொண்டு வந்து, மனைவி பொன்னம்மாவின் கோழிகளைக் காலி செய்துவிட்டு, கோழிக் கொட்டகைக்கு 'கராஜ்' என்று பெயர் சூட்டினார். வாழ்நாள் முழுக்க வெளியேற்றத்தை எதிர்த்த மனிதர், கோழி விஷயத்தில் முதலாளியாகிவிட்டார். கோழிகளும் லேசுப்பட்டவை அல்ல. உத்தரவை ஏற்க மறுத்து, மோட்டார் சைக்கிள் சீட்டின் மேலேயே முட்டையிட்டன.

வண்டி மெல்ல மெல்லத்தான் உருவானது. கடல்காற்றில் இன்று துடைத்த இரும்பு நாளைக்குத் துருப்பிடிக்கும். வேண்டிய சாமான் எதுவும் மெட்ராஸிலிருந்து கப்பலில்தான் வரவேண்டும். கப்பல் வருகிறது என்று தெரிந்தால் போதும், தங்கையா அக்கரையில் சாத்தம் ஜெட்டியில் நிற்பார். "பிஸ்டன் ரிங் வருது" என்பார். ஆனால் இறங்குகிறவர்களிடம் பிஸ்டன் ரிங்கைப் பற்றிக் கேட்கமாட்டார்.

"தம்பி, எந்த ஊரு? கோவில்பட்டிப் பக்கமா?"

"இல்லீங்க, விழுப்புரம்."

"சரி, ரயில்ல என்னிக்காவது அந்தப் பக்கம் போனதுண்டா? ஜன்னல் வழியாப் பாத்தா மில் புகைக்கூண்டு தெரியும். தெரிஞ்சுதா? கரிசல் காட்டுல மழை பெய்ஞ்சா ஒரு வாசம் வரும். வந்துதா?"

விழுப்புரத்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பார். கடைசி ஆள் இறங்கும்வரை தங்கையா நிற்பார். வரும் கப்பல் ஒன்றையும் அவர் விட்டதில்லை. போகும் கப்பலை மட்டும் ஏறிட்டுப் பார்க்கமாட்டார். அன்றைக்கு அவருக்கு எங்கேயாவது ஒரு போல்ட்டை இறுக்கவேண்டியிருக்கும்.

பொன்னம்மாவுக்கும் ஊர் உண்டு, அக்கா உண்டு. அக்கா பெயர் சந்திரமதி. அதே கோவில்பட்டியில்தான், மில் தெருவுக்கு அடுத்த தெரு. கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்த பிறகு பொன்னம்மா அக்காவைப் பார்க்கவே இல்லை. கண்ணில் ஆடும் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டு வந்தது. சபதம் போட்டவனுடைய ஏக்கத்துக்கு ஒரு மேடை இருக்கிறது. சபதம் போடாதவள் தன் ஏக்கத்தை அடுப்படியில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த வருஷம் சந்திரமதியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. கப்பலில் வந்த ஒரு உறவுக்காரர் வாய்வழியாகச் சேதி சொன்னார்.

"இந்தத் தடவை ரெண்டு பேருமாப் போயிருவோம்ங்க" என்றாள் பொன்னம்மா.

"போகாம? கட்டாயம் போகணும். வண்டி ஒண்ணு ரெடியாகட்டும்."

"வண்டி ரெடியாகாட்டி?"

"ஏன் ஆகாது? லீவே போட்டாச்சு! ராப்பகலா வேலை பாத்து முடிக்கேன். கப்பல்ல ஏத்துறோம், மெட்ராஸ்ல இறக்குறோம், ஓட்டிக்கிட்டே போறோம். பின்னால நீ உக்காந்துக்கோ. மில் கேட்டு முன்னால ஒரு ஹாரன் அடிப்பேன் பாரு."

"ஹாரன் இருக்கா?"

"வரும். அடுத்த கப்பல்ல."

ஆனால் அந்த வண்டிக்கு என்ன வேகம் பிடித்ததோ, ஹாரனுக்குக் காத்திருக்காமல் ஒரு சாயங்காலம் கிளம்பிவிட்டது. தங்கையா சும்மா ஒரு உதை உதைத்தார். ஊரே அதிர்ந்தது. கோழிகள் கூரைக்கு மேலே பறந்தன. பொன்னம்மா மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

"ஓடுது! ஏங்க, ஓடுதுங்க!"

தங்கையாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமல் கொள்ளாமல் சம்பந்தி வீட்டார் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது அந்த முகம்.

"ஓடுதுதான்" என்றார். "வால்வுல ஒரு சத்தம் வருது, கேட்டியா?"

"எனக்குக் கேக்கலையே."

"உனக்குக் கேக்காது. அது ஃபிட்டர் காதுக்கு மட்டும்தான் கேக்கும்."

மறுநாள் காலையில் அவள் காப்பி கொண்டுபோனபோது, எஞ்சின் சாக்கின் மேல் துண்டு துண்டாகக் கிடந்தது. சக்கரம் ஒரு பக்கம், டாங்க் ஒரு பக்கம். நடுவில் தங்கையா, எண்ணெய் பூசிய பனியனோடு, நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க இது?"

"ஓவராயில்."

"ஓடுன வண்டியை எதுக்குப் பிரிச்சீக?"

"ஓடாத வண்டியை எவனும் பிரிப்பான். ஓடுறதைப் பிரிக்கத்தான் தொழில் தெரியணும்."

பொன்னம்மா காப்பியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தமில்லாமல் கேட்டாள்.

"நடந்து போனா உங்க மூஞ்சியப் பாப்பாக. வண்டியில போனா வண்டியப் பாப்பாக. அதுக்குத்தானே இது? அந்த மில்லு மனுசங்க இப்பக் கிழவங்களாயிருப்பாக. உங்களை யாருன்னே தெரியலைன்னா என்ன செய்யன்னு பயந்து கிடக்கீக. அதை என்கிட்டச் சொன்னா என்ன?"

மேனேஜர்களுக்குப் பதில் சொன்ன வாய். லேபர் ஆபீசர்களைத் திணறடித்த வாய். தொலையாத ஒரு வாஷரைத் தேடி சாக்குக்கு அடியில் குனிந்தது. நெடுநேரம் தேடியது.

அதன் பிறகு பொன்னம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தொழிலாளி கூச்சல் போடும்வரை நிர்வாகத்துக்கு ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டால்தான் கேட்டைப் பூட்டவேண்டும் என்பது எந்த முதலாளிக்கும் தெரியும். தங்கையாவுக்குத் தெரியவில்லை. முதலாளியாக அவருக்கு அனுபவம் போதாது.

"நான் மட்டும் கல்யாணத்துக்குப் போயிட்டு வாரேன்" என்றாள் ஒரு நாள்.

"தாராளமாப் போ. அது உன் உரிமை" என்றார். உரிமை என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குத் தொண்டை கனிந்துவிடும்.

"டிக்கெட்டுக்கு அழகேசன்கிட்டச் சொல்லிட்டேன். ஒரு பெட்டியும் அடிச்சுத் தாரேன்னிருக்காக."

அழகேசன் பக்கத்து வீட்டுக்காரர். ஜெட்டியில் சாமான் ஏற்றும் மேஸ்திரி. தங்கையாவிடம் அளவு கடந்த மரியாதை. பொன்னம்மாவின் மீன்குழம்பிடம் அதைவிட மரியாதை.

கப்பல் போகும் நாள் காலையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. "நான் போயிட்டா நீங்க எதை வச்சுச் சமைப்பீக?" என்று கவலைப்பட்டு, பொன்னம்மா அவரை ரேஷன் கடைக்கு அனுப்பினாள். அங்கே நீண்ட வரிசை. வரிசையில் நின்றபடியே விநியோக முறையைக் கண்டித்து ஒரு சிறு உரை நிகழ்த்திவிட்டு அவர் திரும்பியபோது வீடு பூட்டிக் கிடந்தது. பொன்னம்மா புறப்பட்டுவிட்டாள். நெஞ்சில் ஏதோ ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. செருப்பையும் சட்டையையும் வாசற்படியில் கழற்றிப் போட்டுவிட்டு, வழக்கம்போல் போல்ட் இறுக்கலாம் என்று கராஜ் பக்கம் நடந்தார்.

வாசலில் அழகேசன் மூச்சிரைக்க நின்றிருந்தார்.

"அண்ணாச்சி! மதினி கொண்டுவந்த பெட்டியில என்ன இருக்கு? நாலு பேரு சேந்துல்லா தூக்குனோம்! மேல 'மோட்டார் சாமான்'னு எழுதியிருக்கு. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போலாம்னு அடுத்த ஃபெரியில ஓடியாரேன்."

தங்கையா சிரித்தார். கதவைத் திறந்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

கராஜ் துடைத்துவிட்டது போல் இருந்தது. சக்கரம் இல்லை. டாங்க் இல்லை. எஞ்சின் இல்லை, சாக்குகூட இல்லை. ஒரு கோழி மட்டும் நடுவில் உட்கார்ந்து, பழைய பட்டாவைத் திரும்பப் பெற்றதுபோல் அவரைப் பார்த்தது. முழு வண்டியாக இருந்திருந்தால் எவனாலும் சத்தமில்லாமல் அப்புறப்படுத்தியிருக்க முடியாது. பெட்டிக்குள் போகிற அளவுக்கு அதைப் பிரித்து வைத்தவர் அவரேதான்.

"அட துரோகி!" என்று கத்திவிட்டு, கையில் கிடைத்த ஸ்பேனரோடு ஓடினார். செருப்பில்லை, சட்டையில்லை, எண்ணெய் பூசிய பனியன். ஃபெரி அன்றைக்கென்று தூங்கிக்கொண்டு போனது. சாத்தத்தில் குதித்து, ஜெட்டியில் ஓடி, வழியனுப்ப வந்த கூட்டத்தோடு கூட்டமாகக் கப்பலில் ஏறிவிட்டார். எல்லோரும் ஏறி, சங்கு ஊதும்வரை அழுதுவிட்டு இறங்குவதுதானே அங்கே வழக்கம். யாரும் தடுக்கவில்லை.

கீழ்த்தளத்தில், பங்க் படுக்கை ஒன்றில் பாய் விரித்துப் பொன்னம்மா உட்கார்ந்திருந்தாள். காலடியில் பெட்டி.

"என் வண்டியை எங்கேட்டி கொண்டுபோறே?"

"உங்களுக்குத்தான் வண்டியோட வரணும்னு சபதம். வண்டி தனியாப் போகக்கூடாதுன்னு சபதம் இருக்கா?"

"திற பெட்டியை!"

"ஆணி அடிச்சிருக்கு. உங்க கையிலதான் ஆயுதம் இருக்கே."

தங்கையா ஸ்பேனரை விட்டு நெம்பினார். மேலே எங்கேயோ ஒருவன், "விசிட்டர் லோக் உதர் ஜாவ்! ஜல்தி!" என்று வழியனுப்ப வந்தவர்களை இறங்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். தங்கையாவின் காதில் விழவில்லை. முதல் பலகை வந்தது. வைக்கோல். இரண்டாவது பலகை வந்தது. இன்னும் வைக்கோல்.

"அடியில இருக்கும். நிதானமாப் பாருங்க" என்றாள் பொன்னம்மா.

அடியில் இருந்தது பெரிய படாக் மரப் பலகை, மணப்பெண் உட்கார இழைத்துப் பளபளவென்று மெருகேற்றியது. அக்கா மகளுக்குச் சீர். அதன் கீழே ஒரு துணி மூட்டை. அவிழ்த்தார். வெளுத்து மடித்த வேட்டி, துண்டு, இரண்டு சட்டை, அவருடைய புதுச் செருப்பு.

சங்கு ஊதியது. ஏணியை எடுத்துவிட்டார்கள். கப்பல் ஒரு தடவை நடுங்கிவிட்டு நகர்ந்தது.

"என் வண்டி?" என்றார்.

"அழகேசன் வீட்டு விறகுக் கொட்டகையில பத்திரமா இருக்கு. நீங்க ரேஷன் கடையில பேசி முடிக்கறதுக்குள்ள மாத்திட்டோம்."

"அவனுமா? இது பச்சை மோசடி! தொழிலாளி விரோதம்! நான் இப்பவே கேப்டனைப் பாத்து, டிக்கெட் இல்லாத ஆளு நான்னு சொல்லி..."

பொன்னம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். இரண்டு டிக்கெட் இருந்தது.

தங்கையா வட்டமான சின்ன ஜன்னல் பக்கம் போனார். பாம்பூஃப்ளாட் விலகிக்கொண்டிருந்தது. வரும் கப்பலையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, போகிற கப்பலிலிருந்து பார்த்தால் தீவு இவ்வளவு சின்னதாகத் தெரியும் என்று தெரிந்திருக்கவில்லை.  ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு, ஒருவரும் சொல்லாமலே, பனியனைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். 

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேடையில் ஒருநாளும் கேட்டிராத ஒரு குரலில் கேட்டார்.

"பொன்னம்மா... உங்க அக்கா வீட்டுக்குப் போறப்ப, மில் தெரு வழியாப் போவோமா? நடந்துதான். ரெண்டு பேருமா."

"எந்தத் தெரு வழியாவும் போகலாம்" என்றாள் பொன்னம்மா, வாயைப் பொத்திக்கொண்டு. "இப்ப முதல்ல அந்தச் சட்டியை எடுத்துப் பிடிங்க. கப்பல் ஆடுற ஆட்டத்துல எனக்கு வாந்தி வருது."