பெரிய சேருக்கு அளவெடுத்த பயணம்

1982ஆம் ஆண்டு, கல்முனையின் ஒரேயொரு திரைப்பட இயக்குநரான மீராமுகைதீன், பொதுமக்கள் நலன் கருதி சினிமாவிலிருந்து விலகினார். அவருடைய படத்தைப் பார்த்தவர்கள் இந்த முடிவை மனமார வரவேற்றார்கள்.

அறுகம்பைக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் வந்து குவிந்த காலம் அது. கோழிக்கூடு வைத்திருந்தவனும் அதற்குச் சுண்ணாம்பு பூசி 'கெஸ்ட் ஹவுஸ்' என்று போர்ட் மாட்டினான். மீராமுகைதீனும் ஒன்று மாட்டினார்: 'ஆளுக்கேற்ற பயணங்கள் அளவெடுத்து அமைத்துத் தரப்படும்.' பயணமும் படமும் ஒன்றுதானாம். பார்க்கிறவர் எங்கே பார்க்கவேண்டும் என்பதை நாம் தீர்மானித்தால் போதுமாம்.

வெள்ளைக்காரர் ஒருவரும் வரவில்லை. வந்தவர் முருகேசு ஐயா, ஓர் அரச அலுவலகத்தின் தலைவர். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் மற்ற அலுவலகங்களுக்கு மனம் நோகும்.

எங்கள் ஊரான சவளக்கடையின் வாய்க்கால் திருத்தப்பட்டுவிட்டதாக அவர் கொழும்புக்கு அறிக்கை அனுப்பியிருந்தார். வாய்க்காலுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. இப்போது தண்ணீர் ஓடுவதைக் கண்ணால் காண, கொழும்பிலிருந்து மேலதிகாரியான பெரிய சேர் வருகிறார். காணாவிட்டால் முருகேசு ஐயாவின் பதவிக் கதிரை போய்விடும்.

"தண்ணி ஓடோணும், மீராமுகைதீன்."

"ஓடும் ஐயா. முதல்ல அளவச் சொல்லுங்க. சேர் ஜீப்பில எந்தப் பக்கம் இருப்பார்?"

"இடப்பக்கம். கழுத்துப் பிடிப்பு வேற. வலப்பக்கம் திரும்பவே மாட்டார்."

"அப்ப வறட்சிய வலப்பக்கம் வைப்பம்."

இடப்பக்கத்தில் அமைந்தது அதாவுல்லாவின் வயல். கதிர் தள்ளும் நேரத்தில் பயிர் கருகிக்கொண்டிருந்தது. ஒரு தண்ணி கிடைத்தால் தப்பும். இல்லாவிட்டால் வருஷச் சோறு போச்சு. அந்த வயலுக்கு முன்னால் வாய்க்காலை இருபுறமும் மண்மூட்டையால் அடைத்து, பவுசர் லொறிகளில் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினார்கள். மனுஷன் அழுதேவிட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்! வரம்ப வெட்டட்டா தம்பி?"

"கை வெச்சிராதீங்க காக்கா!" என்று பதறினார் மீராமுகைதீன். " இது பார்க்கிற தண்ணி, பாய்ச்சிற தண்ணி இல்ல. பின்னேரம் சேர் பார்க்கப்போற மாவடிப்பள்ளி வாய்க்காலிலயும் இதுதான் நடிக்கோணும்."

வரம்பில் காவல் போடப்பட்டது. தண்ணீர் ஓடுவதுபோலத் தெரிய, சேரின் பார்வை எட்டாத மூலையில் இரண்டுபேர் பலகையால் அலை தள்ளினார்கள்.

பெரிய சேர் வந்தார். வாய்க்காலைக் கண்டு மகிழ்ந்தார். பிறகு வயலையும் கண்டுவிட்டார். தண்ணீரிலேயே கவனமாக இருந்த மீராமுகைதீன் வயலை மறந்துபோயிருந்தார். தன் படத்தில் கதையையும் இப்படித்தான் மறந்திருந்தார்.

"இவ்வளவு தண்ணீர் இருக்க, வயல் ஏன் காய்கிறது?"

"விவசாயியின் சோம்பேறித்தனம், சேர்," என்றார் முருகேசு ஐயா, கொஞ்சமும் கூசாமல்.

அதாவுல்லா அழைக்கப்பட்டார். "ஏன் தண்ணீர் பாய்ச்சவில்லை?"

அதாவுல்லா முருகேசு ஐயாவைப் பார்த்தார். மீராமுகைதீனைப் பார்த்தார்.

"உத்தரவு வரட்டுமெண்டுதான் பாத்துக்கிட்டு இரிக்கன், சேர்."

"இதோ தந்தேன் உத்தரவு. வெட்டும்!"

சேர் வாய் மூடுமுன் மண்வெட்டி விழுந்தது. மாவடிப்பள்ளிக்குப் போகவேண்டிய தண்ணீர் முழுவதும் அதாவுல்லாவின் வயலுக்குள் பாய்ந்தது. 'கட்' என்று கத்த வாயெடுத்த மீராமுகைதீன் அதை விழுங்கிக்கொண்டார். சேருக்குப் பகல் சாப்பாடு பலமாகக் கொடுக்கப்பட்டது. மாவடிப்பள்ளியை அவர் நித்திரையிலேயே பார்வையிட்டார்.

'இரு ஊர்களிலும் நீர் தங்குதடையின்றிப் பாய்கிறது. வாய்க்காலுக்கு இனி எந்தச் செலவும் அவசியமில்லை' என்று அறிக்கை வந்தது. முருகேசு ஐயாவுக்குப் பதவி உயர்வும் வந்தது. அந்தப் போகம் அதாவுல்லா மட்டும் அறுவடை செய்தார். மற்றவர்கள் எங்களுடைய வயலெல்லாம் மாட்டுக்குப் போயிற்று.

எங்களுக்குக் கோபம் வருமா, வராதா? வந்தது. ஊரே திரண்டு மீராமுகைதீனின் வாசலில் போய் நின்றது. அவர் கதவைப் பாதி திறந்து எட்டிப்பார்த்தார். முன்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.

"அடுத்த சேர் எப்ப வாறார், தம்பி? என்ட வயலும் றோட்டுக்கு இடப்பக்கந்தான்."

அன்றிலிருந்து எங்கள் ஊரில் யாரும் தண்ணீர் கேட்டு மனு எழுதுவதில்லை. அதிகாரி கேட்டு எழுதுகிறோம். என் வயல் வலப்பக்கம். கழுத்து அந்தப் பக்கம் திரும்பக்கூடிய ஒரு சேர் கொழும்பில் இருக்கிறாரா என்று நானும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.